மகனின் ஹொக்கிக்காகப் படிப்புச் சேமிப்பை உடைக்கலாமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

வடமராட்சியில் பிறந்தவர், பத்தொன்பது வயதில் கனடா வந்தவர். பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இருவர் சம்பளமும் சேர்ந்து, வரி போக ஆண்டுக்குச் சுமார் 84,000 டொலர் கைக்கு வருகிறது. மகனுக்கு இப்போது பதினொன்று, வரும் நவம்பரில் பன்னிரண்டு. மகளுக்கு ஒன்பது. ஆறு வயதில் ஹவுஸ் லீக் எனும் உள்ளூர் ஆரம்ப மட்டத்தில் ஐஸ் ஹொக்கி தொடங்கிய மகன் இரண்டு வருடமாக, அதற்கு மேலான போட்டி மட்டமான டபிள் ஏ விளையாடுகிறான். இந்த வசந்தத் தேர்வுக்குப் பிறகு, சிறுவர் ஹொக்கியின் உச்ச மட்டமான ரிப்பிள் ஏ அணி ஒன்று அவனுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பத்து நாளில் பதில் சொல்லி 2,500 டொலர் முற்பணம் கட்ட வேண்டும்.

கணக்கையும் ஒழுங்காக எழுதியிருக்கிறார். அணிக் கட்டணம் 9,800. தனியார் திறன் பயிற்சி நிலையத்துக்கு 3,600. வெளியூர்ச் சுற்றுப்போட்டிகளுக்கு ஹோட்டல் உட்பட 2,500. ஸ்கேற்ஸ், மட்டை, மற்றச் சாமான்கள் 1,900. பெற்றோல், வெளிச்சாப்பாடு 1,200. மொத்தம் 19,000 டொலர். இப்போது டபிள் ஏக்குப் போவது ஏறக்குறைய 9,000. மேலதிகப் பணத்துக்கு அவர் யோசித்திருக்கும் வழி, ஆர்.ஈ.எஸ்.பி. எனும் பிள்ளைகளின் உயர்கல்விச் சேமிப்புக் கணக்கில் இருந்து 12,000 எடுப்பது, பிறகு வரும் வருடங்களுக்கு வீட்டை ஈடாக வைத்து லைன் ஒஃப் கிரெடிட் எனும் கடன் எடுப்பது. மனைவிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. வீட்டில் ஒரு கிழமையாகப் பேச்சில்லை.

“இப்ப போகாட்டி கதவு மூடிடும் எண்டு எல்லாரும் சொல்லுகினம். பிறகு ஸ்கொலர்ஷிப்பா திரும்பி வரும்தானே அக்கா? வரியிலும் கொஞ்சம் கழிக்கலாம்தானே? ஊரில நான் நல்லா உதைபந்து விளையாடினனான். சண்டையால எல்லாம் போச்சு. அவனுக்கும் அப்பிடி ஆகக் கூடாது” என்று கேட்கிறார். கடைசியில், போகிற போக்கில், இன்னொரு வரி: “மட்ச்சுக்கு முதல் சில நாள் வயிறு நோகுது எண்டு சொல்லுவான். கோச் அது நேர்வஸ் எண்டார்.”

தம்பி, நீங்கள் அக்கா என்று எழுதியிருப்பதால் நானும் தம்பி என்றே கூப்பிடுகிறேன். குடும்ப நிதி ஆலோசனை என் தொழில். அதைவிட, என் மகனும் எட்டு வருடம் விளையாடியவன். விடியக்காலை ஆறு மணி அரீனாக் குளிரும் கார் டிக்கியில் ஊறிக்கிடக்கும் அந்தப் பையின் நாற்றமும் எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையை அழைத்த அணிக்கு ஆம் என்று சொல்லத் துடிக்கும் மனதும் தெரியும். ஆகவே உங்களை ஆசை பிடித்த அப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் கடிதத்தில் நீங்கள் உண்மை என்று எடுத்துக்கொண்ட மூன்று விஷயங்கள் சரியில்லை. பணத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் பத்து நாள் கெடு.

ஆர்.ஈ.எஸ்.பி.யைத் தொட வேண்டாம்

உங்கள் கணக்கில் இருக்கும் 31,000 டொலரில் நீங்கள் போட்டது 22,000. அரசாங்கம் அதற்கு 20 வீதம், அதாவது 4,400 டொலர் மானியம் தந்திருக்கிறது. மிச்சம் வளர்ச்சி. பிள்ளை உயர்கல்விக்குப் போகும் முன் நீங்கள் போட்ட பணத்தில் 12,000ஐ வெளியே எடுத்தால், அதற்குக் கிடைத்த மானியம் 2,400 டொலர் அரசாங்கத்துக்கே திரும்பிப் போகும். பன்னிரண்டாயிரத்தைக் கையில் வாங்க 2,400 கட்டணம் கேட்கும் கடனை நீங்கள் எந்த வங்கியிலும் எடுக்க மாட்டீர்கள்.

இன்னொன்று, அது குடும்பத் திட்டம். இரண்டு பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கிறது. மகளின் நடன வகுப்பைப் போன வருடம் நிறுத்தியதாகவும் “அவளுக்கும் பெரிய விருப்பம் இல்லை” என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை வீட்டில் காசு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கும். விருப்பமில்லை என்று அவளாகச் சொன்னாளா, நிறுத்திய பிறகு சொன்னாளா என்று மனைவியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

லைன் ஒஃப் கிரெடிட்டுக்கு வருவோம். மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டினால் போதும் என்பதுதான் அதன் கவர்ச்சி, ஆபத்தும் அதுவே. 20,000 எடுத்து, வட்டி ஆறு வீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 100 டொலர். பெரிதாகத் தெரியாது. ஆனால் இது ஒரு வருடச் செலவு இல்லை, தம்பி. 13 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பிரிவில் தொடங்கி 16 வரை நான்கு பருவங்கள். கட்டணம் ஒரு டொலர்கூட ஏறாது என்று வைத்தாலும் 76,000. கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நான்கு வருடமும் ஒரு பிள்ளையின் ஒரு விளையாட்டுக்குப் போகும். மனைவியின் மறுப்பை நான் கஞ்சத்தனம் என்று பார்க்கவில்லை. இந்தக் கூட்டலை அவர் மனதுக்குள் ஏற்கெனவே போட்டிருப்பார்.

திரும்பி வருமா?

வரிக் கழிவு முதலில். பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கு மத்திய அரசு தந்த வரிச் சலுகை 2017 முதல் இல்லை. ஒன்ராறியோவின் சலுகையும் அதே காலத்தில் நின்றுபோனது. யாரோ பழைய கதையைச் சொல்லியிருக்கிறார்கள். கோடையில் நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காகவே நடக்கும் பகல் முகாமாக இருந்தால் அது பிள்ளைப் பராமரிப்புச் செலவில் சேரலாம். அணிக் கட்டணமும் திறன் பயிற்சியும் சேராது.

அடுத்தது ஸ்கொலர்ஷிப். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கலை, அறிவியல் பட்டப்படிப்புக்கு ஒன்ராறியோ மாணவர் கட்டுவது இன்று ஆண்டுக்கு ஆறாயிரம் டொலர் சொச்சம். சில துறைகளுக்குக் கூட. நான்கு வருடத்துக்கு இருபத்தைந்தாயிரம் என்று வையுங்கள். அந்தப் பணத்தைச் சம்பாதிப்பதற்கு 76,000 செலவழிக்கத் தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் முழு உதவித்தொகை பெரியது, உண்மை. ஆனால் மேஜர் ஜூனியர் எனப்படும் கனடாவின் மேல்மட்ட இளையோர் லீக்குகளில் விளையாடியவர்கள் அங்கே விளையாட முடியாது என்றிருந்த தடை 2025 ஓகஸ்ட்டோடு நீங்கிவிட்டது. முன்பு உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு இருந்த இடங்களுக்கு இப்போது ஒன்ராறியோவின் மேஜர் ஜூனியர் லீக்கான ஒ.எச்.எல். வீரர்களும் போட்டியிடுகிறார்கள்.

அந்த ஒ.எச்.எல்.லுக்கே எத்தனை பேர்? புது வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் 20 அணிகள், 15 சுற்றுகள். ஒரு வயதுப் பிரிவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 பெயர்கள் வாசிக்கப்படும். அவர்களில் பலர் அந்த லீக்கில் ஒரு மட்ச்கூட விளையாடுவதில்லை. தொழில்முறை ஹொக்கியின் உச்சமான என்.எச்.எல். லீக்கின் தேர்வோ உலகம் முழுவதற்கும் 224 பேர். உங்கள் பையனால் முடியாது என்று நான் சொல்லவில்லை. அவன் விளையாடி நான் பார்த்ததில்லை. இந்தப் பணத்தை முதலீடு என்று மட்டும் எழுதாதீர்கள். இது செலவு. பிள்ளைக்குப் பிடித்த ஒன்றுக்குச் செலவழிப்பதில் தப்பேயில்லை, அந்தச் செலவை வீடு தாங்கும் வரை.

கதவு மூடிவிடுமா?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. பதினொரு வயதில் மூடும் கதவு என்று ஒன்று இல்லை. ஆனால் பெற்றோருக்கு அப்படித் தோன்றும்படிதான் எல்லாமே நடக்கின்றன. பத்து நாள் கெடு, முற்பணம், “அவன் வராவிட்டால் இன்னொருவன் காத்திருக்கிறான்” என்ற பேச்சு. அணிகள் ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாகத் தேர்வு வைக்கின்றன. இந்த வருடம் டபிள் ஏயில் நன்றாக விளையாடும் பையனை அடுத்த வருடமும் தேடித்தான் வருவார்கள்.

மகன் நவம்பரில் பிறந்தவன் என்று நீங்கள் எழுதியதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். கனடாவில் ஹொக்கி வயது ஜனவரி முதலாம் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதே அணியில் ஜனவரியில் பிறந்த பையன் உங்கள் மகனைவிடப் பத்து மாதம் மூத்தவன். பதினொரு வயதில் பத்து மாத வித்தியாசம் உடம்பில் நன்றாகத் தெரியும். 1980களில் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி அல்பேர்ட்டா மாகாணத்து லெத்பிரிட்ஜ் நகரில் ஒரு ஹொக்கி மட்ச் பார்க்கப் போயிருந்தார். கையிலிருந்த நிகழ்ச்சித் தாளில் வீரர்களின் பிறந்த மாதங்களைக் கவனித்துச் சொன்னவர் அவருடைய மனைவி போலா. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்றே போனதாம். பிறகு பார்ன்ஸ்லி எண்ணிப் பார்த்ததில், மேல்மட்ட அணிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். பெரிய உடம்பைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார்கள், அவனுக்கே நல்ல கோச்சும் கூடுதல் ஐஸ் நேரமும் கிடைக்கின்றன, பிறகு அவன் உண்மையாகவே கெட்டிக்காரனாகிவிடுகிறான். இத்தனைக்கும் பிறகு நவம்பர்க்காரன் ஒருவன் ரிப்பிள் ஏயின் கண்ணில் பட்டிருக்கிறான் என்றால் அவனிடம் ஏதோ இருக்கிறது. அவன் வளர்வதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

இதில் காசு எப்படிப் புகுகிறது என்று பாருங்கள். ஒரு ரிப்பிள் ஏ அணியின் பதினேழு பேரை அந்த வயதின் ஆகச் சிறந்த பதினேழு பேர் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்து, கட்டணம் கட்டக்கூடிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குள் சிறந்த பதினேழு பேர் என்பதுதான் அநேகமாக உண்மைக்குக் கிட்ட. ஆறு வயதுப் பிள்ளையை ஐஸில் இறக்க இங்கே ஜம்ப்ஸ்ரார்ட், கிட்ஸ்போர்ட் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. ஹொக்கி கனடா அறக்கட்டளையும் சில நூறு டொலர் உதவுகிறது. வருமானம் பார்த்துத் தருவார்கள், விண்ணப்பிக்க வெட்கப்பட வேண்டாம். ஆனால் இவை பெரும்பாலும் ஆரம்பக் கட்டத்துக்கு. 19,000 டொலர் பில்லுக்கு முன்னால் அவை நிற்காது. ஆகவே நாடு திறமையைத் தொலைப்பது வாசலில் இல்லை என்பது என் எண்ணம். பதினொன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில், உங்களைப் போன்ற வீடுகளின் சாப்பாட்டு மேசைகளில், சத்தமில்லாமல் தொலைக்கிறது. உதவி கிடைக்கும் அளவு ஏழையும் இல்லை, கட்டும் அளவு வசதியும் இல்லை.

அந்த நடுவில் இருந்து ஏறி வந்தவர் ஒருவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். வெய்ன் சிமண்ட்ஸ் ஸ்காபரோவில் பிறந்தவர். ஹொக்கிச் செலவுக்கு அவருடைய வீடு பட்ட கஷ்டத்தை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எல்லோரும் பதினாறில் போகும் ஒ.எச்.எல்.லுக்கு அவர் பதினெட்டில்தான் போய்ச் சேர்ந்தார். 2007 என்.எச்.எல். தேர்வில் லொஸ் ஏஞ்சலிஸ் அணி அவரை 61ஆவது ஆளாக எடுத்தது. 1,000 மட்ச்சுக்கு மேல் என்.எச்.எல்.லில் விளையாடி ஓய்வுபெற்றார். நாளைக்கே உங்கள் மகனும் இப்படி வருவான் என்று சொல்ல இதை எடுக்கவில்லை. அவர் விதிவிலக்கு. பிந்திப் போனால் எல்லாம் முடிந்தது என்பவர்களுக்கு மட்டும் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒ.எச்.எல். தேர்வாளர்கள் பார்க்க வருவது பெரும்பாலும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட ரிப்பிள் ஏ மட்ச்சுகளைத்தான். அந்தக் கனவு மகனுடையதாக இருந்தால், பதினான்கு பதினைந்தில் அவன் அந்த மட்டத்தில் நிற்பது உதவும். இன்றைக்கே நிற்க வேண்டும் என்பதற்கு நியாயம் காணேன்.

என்ன செய்யலாம்

என்னைக் கேட்டால், இன்னொரு வருடம் டபிள் ஏ. அந்த 9,000மே சின்னக் காசில்லை. மேல்மிச்சமாகப் போக இருந்த 10,000ஐக் கடனாக எடுக்காமலே விடுங்கள். நகரத்தின் வெளி ஐஸ் தளங்களில் குளிர்காலம் முழுக்கக் காசில்லாமல் சறுக்கலாம். என்.எச்.எல். வீரராக இருந்த பி.கே. சுப்பனின் அப்பா கார்ல் ரொறன்ரோவில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். இரவு வேலை முடிந்து வந்து சின்னப் பையனாக இருந்த பி.கே.யை நகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்து ஐஸ் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சறுக்க விடுவாராம். மூன்று மகன்மாரும் என்.எச்.எல். தேர்வில் எடுக்கப்பட்டார்கள்.

இல்லை அக்கா, இந்த அணிக்கே போகட்டும் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால், முற்பணம் கட்டும் முன் மனேஜரிடம் முழு வருட வரவு செலவுத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். கோச்சுக்கு எவ்வளவு, எத்தனை வெளியூர்ப் போட்டி, கட்டணத்தில் சேராத செலவு என்ன, பையனுக்குக் காயம் பட்டால் அல்லது இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், தவணையில் கட்டலாமா. கேட்டால் பிள்ளையைப் பெஞ்சில் இருத்திவிடுவார்கள் என்று பயப்படும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் அணியிடம் ஒன்பதாயிரத்து எண்ணூறு டொலரைக் கொடுக்காதீர்கள்.

திறன் பயிற்சி நிலையத்தின் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது இலாபத்துக்கு நடத்தும் தனியார் நிலையம் என்றால் ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும். இப்படி முன்பணம் வாங்கும் பயிற்சி ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கைக்கு வந்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். தொலைபேசியில் சொல்லிவிட்டு இருக்காதீர்கள், எழுத்தில் அனுப்பிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இலாப நோக்கமில்லாத சங்கங்களுக்கு இந்த விதி பொருந்தாது, ஆகவே அணிக் கட்டணத்தை இதே வழியில் மீட்கலாம் என்று எண்ண வேண்டாம். கிழமைக்கு நாலு நாள் ஐஸில் நிற்கும் பிள்ளைக்கு ஐந்தாம் நாள் பயிற்சியை நான் முதலில் வெட்டுவேன்.

சாமான்களில் ஸ்கேற்ஸ், முழங்கால் காப்பு, பை எல்லாம் பாவித்ததே போதும். வளரும் காலில் ஆயிரம் டொலர் ஸ்கேற்ஸ் ஒரு பருவம் தாங்காது. தலைக்கவசத்தை மட்டும் சி.எஸ்.ஏ. எனும் பாதுகாப்புத் தர முத்திரை பார்த்துப் புதிதாக வாங்குங்கள்.

அந்தக் கடைசி வரி

வயிற்று நோவைப் பற்றி. கோச் சொன்னது சரியாக இருக்கலாம், மட்ச்சுக்கு முன் பதற்றம் எல்லோருக்கும் வரும். ஆனால் அது எப்போது தொடங்கியது? ரிப்பிள் ஏ பேச்சு வீட்டில் எழுந்த பிறகா, நீங்களும் மனைவியும் பேசாமல் விட்ட பிறகா? தன்னால் வீட்டில் காசுப் பிரச்சினை என்று ஒரு பிள்ளைக்கு விளங்கிவிட்டால், ஒவ்வொரு மட்ச்சும் கடன் அடைக்கும் மட்ச்சாகிவிடும். மட்ச் இல்லாத நாளிலும் நோவு வந்தாலோ, இரவில் எழுப்பினாலோ, சாப்பாடு குறைந்தாலோ குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள், அதைக் கோச்சிடம் விடாதீர்கள்.

உங்கள் உதைபந்துக்கும் ஒரு வார்த்தை. சண்டை உங்களிடமிருந்து பறித்ததை உங்கள் மகனின் அணிக் கட்டணம் திருப்பித் தராது, தம்பி. கோபிக்காதீர்கள், இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கோடையில் அவனுக்கு ஹொக்கியிலிருந்து இரண்டு மூன்று மாதம் ஓய்வு வேண்டும். பதினைந்து பதினாறு வரை ஒரே விளையாட்டில் பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது. ஒரு பந்து வாங்கி, பக்கத்துப் பார்க்குக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் விளையாடுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்களா?

பதில் சொல்ல இன்னும் ஆறு நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் நாள் மனைவியோடு இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இருங்கள். பிறகு மகனைக் காரில் எங்காவது கூட்டிக்கொண்டு போகும்போது, முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே கேளுங்கள்: “போன வருட அணியில் உனக்கு ஆகப் பிடித்தது என்ன?” கூட்டாளிமாரின் பெயர்களைச் சொல்கிறானா, ரிப்பிள் ஏ என்கிறானா, ஒன்றும் பேசாமல் வெளியே பார்க்கிறானா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.